தோட்ட வேலியை நாமே நட்டு நாமே பெயின்ட் அடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு வாங்கிய நம்மவர்கள் பலருக்கு முதல் குளிர்காலம் முடியும்போது ஒரு விஷயம் தெரியவரும்: பின்வளவு வேலி ஆடுகிறது. இரண்டு பேனல் பக்கத்து வீட்டுப் பூச்செடிமேல் சாய்ந்து கிடக்கும். வேலைகாரர் சொல்லும் விலையைக் கேட்டதும், "ஆறு அடிப் பலகைதானே, நாமே போட்டுவிடுவோம்" என்று தோன்றும். தாராளமாகப் போடலாம். ஆனால் பேனலைத் தூக்குவதும் பெயின்ட் பூசுவதும் இந்த வேலையில் சுலபமான பகுதி. மனிதரை வெறுப்பேற்றுவது மண்ணுக்குள் கிடக்கும் பழைய கொங்கிரீட், காயாத மரம், எல்லைக் கோடு ஆகிய மூன்றும்தான். கீழே உள்ளவை இங்கிலாந்து வீடுகளை மனதில் வைத்து எழுதியவை.

இந்த வேலி எனக்குச் சொந்தமா, பக்கத்து வீட்டுக்காரருக்கா? எப்படித் தெரிந்துகொள்வது?

"வீட்டு வாசலில் நின்று பார்த்தால் இடப்பக்க வேலி நம்முடையது" என்று தெருவில் பலரும் அடித்துச் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. பழைய உறுதிப் பத்திரத்தின் வரைபடத்தில் எல்லைக் கோட்டின்மேல் ஆங்கில 'டி' எழுத்துப் போல ஒரு குறி இருந்தால், அது எந்தக் காணியின் பக்கம் நிற்கிறதோ அந்த வீட்டாரே அந்த வேலிக்குப் பொறுப்பு என்பது வழமை. இரண்டு 'டி' சேர்ந்து 'எச்' போலத் தெரிந்தால் இருவருக்கும் பொது. காணிப் பதிவகத்தில் எடுக்கும் வரைபடம் பெரும்பாலும் பொதுவான எல்லையை மட்டும் காட்டும். அதை வைத்து அங்குலக் கணக்கில் வாதாட முடியாது. வீடு வாங்கியபோது விற்றவர் நிரப்பிக் கொடுத்த சொத்து விவரப் படிவத்தைத் தேடி எடுங்கள். எந்த எல்லையை யார் பராமரித்து வந்தார்கள் என்ற கேள்வி அதில் இருக்கும்.

எதிலும் பதில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் வழி. ஊரில் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் இருந்த குடும்பங்களை நமக்குத் தெரியும். இங்கேயும் அதே கதைதான், வழக்கறிஞரின் கட்டணம் மட்டும் பவுண்டில். பழைய வேலியைக் கழற்றுவதற்கு முன்பு அது நிற்கும் கோட்டை இருபக்கமும் படம் எடுத்து வையுங்கள். பேசிக்கொண்டதை ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள்.

வேலி அவர்களுடையது, ஆனால் திருத்த மாட்டேன் என்கிறார்கள் என்றால், அவர்களை வற்புறுத்தச் சட்டம் பொதுவாக உதவாது. அவர்கள் வேலியைத் தொடாமல், உங்கள் காணிக்குள் உங்கள் சொந்த வேலியை நடலாம்.

எவ்வளவு உயரம் வரை போடலாம்?

பின்வளவில் 2 மீட்டர் வரை திட்ட அனுமதி தேவையில்லை. வாகனம் ஓடும் தெருவையோ அதன் நடைபாதையையோ ஒட்டிய வேலி என்றால் 1 மீட்டர்தான். மூலை வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்குப் பக்க வேலியும் தெருவை ஒட்டியதாக இருக்கலாம்.

கடையில் கணக்குப் பிசகும் இடம் ஒன்று உண்டு. 6 அடி பேனல் மண்ணைத் தொடாதபடி அதற்குக் கீழே கிடையாக 6 அங்குல அடிப்பலகை வைத்தால் மொத்தம் 1.98 மீட்டர், தப்பித்துவிடுவீர்கள். அதே பேனலுக்குக் கீழே ஓர் அடி அடிப்பலகை வைத்தால் 2.13 மீட்டர், வரம்பு தாண்டிவிட்டது. அதற்குமேல் பூங்கொடி படர ஒரு சட்டகம் பொருத்த ஆசைப்பட்டால் 5 அடி பேனலை எடுத்துக்கொள்ளுங்கள். புதுக் குடியிருப்புகளில் முன்பக்கம் வேலியே கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை இருப்பதும் உண்டு.

கடையில் ஒரே அளவில் மூன்று விலைக்குப் பேனல் இருக்கிறதே. எதை வாங்குவது?

மலிவானது மெல்லிய பலகைகளைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடுக்கிச் சட்டம் அடித்த பேனல். கையில் எடுத்தாலே இலேசாக இருக்கும், காற்றுக்கும் அப்படித்தான் இருக்கும். விலை கூடியது, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த பலகைகளை நெடுக்காக நெருக்கி அடித்தது. இது பாரம், தூக்க இரண்டு பேர் வேண்டும், ஆனால் பல வருடம் நிற்கும். பலகைகளை முன்னும் பின்னுமாக இடைவெளி விட்டு அடித்த வகையும் உண்டு. காற்று உள்ளே புகுந்து போக வழி இருப்பதால் திறந்த வெளியை ஒட்டிய வீடுகளுக்கு நல்லது.

வடிவத்தைவிட முக்கியமானது மரத்துக்கு மருந்து எப்படி ஏற்றியிருக்கிறார்கள் என்பது. மருந்துத் தொட்டியில் தோய்த்து எடுத்தது பெரும்பாலும் செம்பழுப்பு நிறமாக இருக்கும். மருந்து மேற்பரப்போடு நின்றுவிடும், வருடத்துக்கு ஒருமுறை நீங்கள் பூச்சுப் பூச வேண்டியிருக்கும். அழுத்தத்தில் ஏற்றியது இலேசான பச்சை கலந்து தெரியும். மருந்து உள்ளே வரை போயிருக்கும். என்னைக் கேட்டால், தோய்த்த பேனலை வாங்கி மிச்சம் பிடிக்கும் பணம் இரண்டு மூன்று கோடைகளில் பெயின்டுக்கும் முதுகுவலித் தைலத்துக்கும் போய்விடும்.

மரத் தூணா, கொங்கிரீட் தூணா?

கொங்கிரீட். பார்க்க அழகில்லை, 8 அடித் தூண் ஒன்று 50 கிலோவை ஒட்டி வரும், பிறகு அதில் ஒரு கொக்கி மாட்டக்கூட வழியிருக்காது. இத்தனை குறையையும் தெரிந்துகொண்டே சொல்கிறேன். மரத்தூண் உக்குவது நிலமட்டத்தில்தான். மேலே கல்லுப்போல நிற்கும், மண்ணைத் தொடும் இடத்தில் விரலால் தோண்டலாம். கொங்கிரீட் தூணில் இருபக்கமும் பள்ளம் இருப்பதால் பேனல் உடைந்தால் மேலே உருவி எடுத்துப் புதியதை இறக்கலாம்; ஆணியும் வேண்டாம், கிளிப்பும் வேண்டாம்.

மரத்தூண்தான் வேண்டும் என்றால் 6 அடி பேனலுக்கு 4 அங்குலச் சதுரத் தூண் எடுங்கள், 3 அங்குலம் போதும் என்று கடைக்காரர் சொன்னாலும். தூணுக்காகத் தோண்டும் கிடங்கின் அடியில் கொஞ்சம் சரளைக் கல் போட்டுத் தண்ணீர் இறங்க வழி விடுங்கள். கொங்கிரீட்டின் மேற்பரப்பைத் தூணைச் சுற்றிச் சரிவாக இழுத்துவிடுங்கள். மழைநீர் தூணடியில் தேங்காது. மண்ணுக்குள் அடித்து இறக்கும் இரும்பு முளைகள் 3 அடி வேலிக்குச் சரி. 6 அடிக்கு அதை நம்பாதீர்கள்.

பழைய தூணின் கொங்கிரீட் கட்டி அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இந்த வேலையில் மனிதரை அழவைக்கும் இடம் இதுதான். பழைய மரத்தூண் நிலமட்டத்தில் முறிந்துவிடும், கீழே அதைச் சுற்றி வாளியளவுக்கு, சிலவேளை எண்ணெய்ப் பீப்பாய் அளவுக்கு, கொங்கிரீட் கிடக்கும். முன்னர் இருந்தவர் ஒன்றுக்கு மூன்று மூட்டையாகக் கொட்டியிருப்பார். லண்டன் களிமண் அதைச் சுற்றி இறுகி உறிஞ்சிப் பிடித்திருக்கும்.

இழுக்கும் முன் யோசியுங்கள்: எடுக்கத்தான் வேண்டுமா? வேலி முழுவதையும் மாற்றுகிறீர்கள் என்றால் ஒரு சுலபமான வழி இருக்கிறது. வரிசையை ஒரு அரைப் பேனலோடு தொடங்குங்கள். அப்போது புதுத் தூண்கள் எல்லாம் பழைய கிடங்குகளுக்கு நடுவில், யாரும் தொடாத மண்ணில் வந்து விழும். பழைய கட்டிகள் மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும். மறுமுனையிலும் ஒரு அரைப் பேனல் வரும். அதைக் கண்டு யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

ஒன்றிரண்டு தூண் மட்டும் முறிந்து, மற்றவை நன்றாக இருந்தால் வேறு வழி. கொங்கிரீட்டில் செய்த குட்டைத் தூண்கள் விற்கிறார்கள். முறிந்த தூணுக்குப் பக்கத்தில் அதை நட்டு, மேலே எஞ்சியிருக்கும் மரத்தை இரண்டு போல்ட்டால் இறுக்கிவிடலாம். இதற்கு மேல்மரம் உறுதியாக இருக்க வேண்டும். ஆணியால் குத்திப் பார்த்து முடிவெடுங்கள்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் கட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் அதன் அடிவரை தோண்டுங்கள். சுற்றிலும் தோண்டினால் கிடங்கு அகலமாகிப் புதுத் தூணுக்குப் பிடிமானம் போய்விடும். பிறகு அலவாங்கை அடியில் கொடுத்து, ஒரு மரக்குற்றியை முண்டு வைத்து நெம்புங்கள். உள்ளே தண்ணீர் ஊற்றிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தால் களிமண்ணின் பிடி கொஞ்சம் தளரும். அதற்கும் வரவில்லையென்றால் உடைப்புக் கருவியை ஒருநாள் வாடகைக்கு எடுப்பது முதுகுக்கு மலிவு.

கிடங்கு எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம்?

6 அடி வேலிக்கு 2 அடி ஆழம் குறைந்தபட்சம், அதாவது 8 அடித் தூண். 6 அங்குல அடிப்பலகையும் சேர்ந்தால் 9 அடித் தூண் வாங்கி இரண்டரை அடி இறக்குங்கள். அகலம் ஓர் அடி. மண்வெட்டியால் இந்த ஆழத்துக்குப் போனால் கிடங்கு புனல் போல வாய் அகன்றுவிடும். இரண்டு கைப்பிடி கொண்ட, மண்ணைக் கவ்வித் தூக்கும் தூண்கிடங்குக் கருவி ஒன்றையும் ஓர் அலவாங்கையும் வாங்கிவிடுங்கள். கோடையில் களிமண் செங்கல்லாக இறுகிக் கிடக்கும், குளிர்காலத்தில் சப்பாத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். தோண்டுவதற்கு ஏப்ரலும் அக்டோபரும் பரவாயில்லை.

தோண்டும் முன் மின்கம்பி, எரிவாயுக் குழாய், கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். தோட்டக் கொட்டகைக்கு மின்சாரம் போகிறது என்றால் வேலியோரமாகத்தான் கம்பி புதைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

உடனே இறுகும் கொங்கிரீட் மூட்டை நம்பகமானதா?

நம்பலாம். 20 கிலோ மூட்டை, ஒரு தூணுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை. கிடங்கில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, தூணை நிறுத்தி, தூளைச் சுற்றிலும் சீராகக் கொட்டினால் போதும், கலக்க வேண்டியதில்லை. ஐந்து பத்து நிமிடத்தில் இறுகிவிடும். அதன் நன்மையும் அதுதான், தொல்லையும் அதுதான். நீர்மட்டக் கருவியைத் தேடி வீட்டுக்குள் போய் வருவதற்குள் தூண் தான் நின்ற கோணத்திலேயே நின்றுவிடும். தூணின் இரண்டு அடுத்தடுத்த முகங்களிலும் மட்டம் பார்த்து, கட்டைகளால் முண்டு கொடுத்த பிறகு மூட்டையைப் பிரியுங்கள். சிமெந்து தோலைச் சுடும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

தூண்களை எல்லாம் முதலில் நட்டுவிட்டு, அடுத்த வாரம் பேனல்களைப் போடலாமா?

வேண்டாம். ஆறு அடி என்று எழுதியிருக்கும் பேனல் 1.83 மீட்டர், ஆனால் மரம் மழையில் ஊதும், வெயிலில் ஒடுங்கும், தூணும் அரை அங்குலம் அங்கே இங்கே போகும். எட்டாவது பேனலில் இந்தப் பிசகெல்லாம் கூடி ஒரு கைகூட நுழையாத இடமாகவோ, கை முழுவதும் நுழையும் இடமாகவோ வந்து நிற்கும்.

சரியான வரிசை இது: இரு முனைக்கும் நூல் கட்டுங்கள். முதல் தூணை நட்டு இறுக விடுங்கள். அடிப்பலகையை அதன் பள்ளத்தில் செருகுங்கள். அடுத்த கிடங்கின் இடத்தை அந்தப் பலகையே காட்டும், அளவுநாடா தேவையில்லை. பேனலைப் பக்கவாட்டில் தள்ளிச் செருகிவிட்டு, இரண்டாவது தூணைக் கிடங்கில் இறக்கிப் பேனலின் விளிம்போடு சேர்த்துக் கொங்கிரீட் போடுங்கள். இப்படியே போங்கள். எல்லாத் தூணையும் முன்கூட்டி நட்டவர் ஒவ்வொரு பேனலையும் தலைக்குமேல் தூக்கித் தூணின் உச்சியிலிருந்து இறக்க வேண்டும். இரண்டு ஏணி, இரண்டு ஆள், கொஞ்சம் காற்று, அதற்குமேல் இருவருக்குள்ளும் வாய்த்தர்க்கம்.

பேனல் பள்ளத்தில் இறங்காமல் சிக்குகிறது. அல்லது இறங்கி, காற்றில் கடகடவென்று ஆடுகிறது.

சிக்கினால் பேனலின் இரு ஓரச் சட்டத்தையும் சீவுளியால் சீவுங்கள். சீவிய இடத்தில் மருந்து போயிருக்கும் என்பதால் அங்கே மரப்பாதுகாப்புத் திரவம் பூசிவிட்டு இறக்குங்கள். ஆடினால் மரத்தில் செய்த சிறு ஆப்புகளைப் பள்ளத்துக்குள் செருகினால் போதும், இரவில் தூங்கலாம்.

கடைசி இடைவெளி 6 அடிக்குக் குறைவாக வரும், எப்போதும் வரும். பேனலின் ஒரு பக்கத்து நெடுஞ்சட்டங்களை மெதுவாகக் கழற்றி, வேண்டிய அகலத்தில் உள்ளே நகர்த்தித் திருகாணியால் பூட்டிவிட்டு, வெளியே நீட்டியிருப்பதை அறுத்துவிடுங்கள். அறுத்துவிட்டுச் சட்டத்தைப் பூட்டப் போனால் பலகைகள் கையோடு பிரிந்து வரும்.

என் காணி சரிவானது. வேலியையும் சரிவாகப் போடலாமா?

பேனல் செவ்வகமானது, சரிக்க முடியாது. படிக்கட்டுப் போல ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு போங்கள். கீழே வரும் முக்கோண இடைவெளியை அடிப்பலகையும் மண்ணும் மூடும். படி இறங்கும் அளவுக்கு அந்தத் தூண் நீளமாக இருக்க வேண்டும் என்பதைக் கடைக்குப் போகுமுன் கணக்கிடுங்கள்.

பெயின்டை நடுவதற்கு முன் அடிப்பதா, நட்ட பிறகா?

முன்னால். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. புல்லில் இரண்டு மரக்குதிரை வைத்துப் பேனலைக் கிடத்தி அடித்தால் ஒழுகாது, முதுகு வளையாது, கீழ்விளிம்பு வரை பிரஷ் எட்டும். நட்ட பிறகு அடித்தால் பலகை இடுக்குகளால் பெயின்ட் மறுபக்கம் போய், பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தில் பழுப்புக் கண்ணீராக வடிந்து காய்ந்திருக்கும். அவர்களே வந்து சொன்ன பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

கிடைப் பலகைப் பேனலில் இன்னொரு தொல்லை. ஈரமான வசந்தத்தில் நட்டு நிறுத்தி, அழகாக அடித்து முடித்திருப்பீர்கள். ஜூலை வெயிலில் பலகைகள் ஒடுங்க, ஒவ்வொரு பலகையும் மேல் பலகையின் கீழிருந்து கொஞ்சம் வெளியே வரும். பெயின்ட் படாத வெளிர்மரம், ஒவ்வொரு வரிசையிலும் அரை விரல் அகலத்தில் கோடு கோடாகத் தெரியும். கிடத்தி வைத்து அடிக்கும்போது மெல்லிய பிரஷை அந்த இடுக்குகளுக்குள் விட்டு இழுத்தால் இது பாதி தீரும்.

இரண்டு எச்சரிக்கை. தூண் பள்ளத்துக்குள் போகும் ஓரங்களில் தடிப்பாகப் பூசாதீர்கள், பிறகு இறங்காது. அறுத்த முனைகளுக்கு மட்டும் குடிக்கக் குடிக்கக் கொடுங்கள். நெடும்பலகையின் கீழ்முனைதான் முதலில் தண்ணீரை உறிஞ்சுவது.

புதுப் பேனலில் பெயின்ட் பிடிக்காமல் திட்டுத் திட்டாக நிற்கிறது. பெயின்ட் சரியில்லையா?

பெரும்பாலும் மரம் இன்னும் ஈரமாக இருக்கிறது. அழுத்தத்தில் மருந்து ஏற்றிய மரம் கடைக்கு வரும்போதே உள்ளுக்குள் தண்ணீரோடுதான் வரும். சில கிழமைகள், குளிர்காலமானால் சில மாதங்கள், அப்படியே விடுங்கள். பிறகு பலகையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னும் பொறுங்கள். உள்ளே இழுத்தால் அடிக்கலாம். இந்த வகைப் பேனலை முதல் வருடம் முழுக்க வெறுமனே விட்டாலும் ஒன்றும் ஆகாது. விருந்தாளி வருகிறார்கள் என்பதற்காக ஈரமரத்தில் பூசினால் அடுத்த கோடையில் தோல் உரிவது போல உரியும்.

முன்பு அடித்தது மெழுகு கலந்த வேலிப் பூச்சு என்றால், அதன்மேல் வேறு வகைப் பெயின்ட் பிடிக்காமல் போவதும் உண்டு. பழைய டின் கொட்டகையில் கிடந்தால் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சைப் பாசி படிந்த பழைய வேலியைத் தும்புத்தடியாலும் பாசிநீக்கியாலும் தேய்த்துக் கழுவுங்கள். உயர் அழுத்த நீர்ப்பீச்சியை நெருக்கிப் பிடித்தால் மரத்தின் நார் கிளம்பிவிடும், மரமும் ஊறிவிடும்.

"ஒரே பூச்சுப் போதும்" என்று டின்னில் இருக்கிறது. எத்தனை டின் வாங்குவது?

பழுப்பின்மேல் பழுப்பு அடித்தால் ஒரே பூச்சுப் போதும். புது மரம், வெளிர்நிறம், நிறமாற்றம் என்றால் இரண்டு. கணக்கு இப்படி: 6 அடிக்கு 6 அடி பேனலின் ஒரு முகம் 3.3 சதுர மீட்டர் சொச்சம். 10 பேனல், ஒரு முகம், 33 சதுர மீட்டர். டின்னில் லீட்டருக்கு 5 சதுர மீட்டர் என்று போட்டிருந்தால் ஒரு பூச்சுக்கு 7 லீட்டர். இரு முகம், இரு பூச்சு என்றால் 27 லீட்டரைத் தொடும். இழைக்காத சொரசொரப்பான மரம் இன்னும் கூடக் குடிக்கும். பலகைகளின் விளிம்புகளும் சட்டங்களும் இந்தக் கணக்கில் வரவில்லை.

தேவையானதை ஒரே தடவையில் வாங்கி, டின் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் கலந்துவிடுங்கள். ஒரே பெயர், ஒரே நிறம் என்றாலும் வேறு வேறு தொகுதியில் கலந்த டின்களுக்கு நிறம் இலேசாக மாறும். நாலாவது பேனலின் நடுவில் அந்த மாற்றம் வந்தால் சமையலறை ஜன்னலிலிருந்து தினமும் அதைத்தான் பார்ப்பீர்கள்.

வெள்ளை, இளஞ்சாம்பல், கிரீம் நிறங்களை விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல்: மரத்தின் கணுக்களிலிருந்து பிசின் மஞ்சளாகக் கசிந்து மேலே வரும். அதை அடக்கும் அடிப்பூச்சை முதலில் அடியுங்கள்.

பிரஷா, ரோலரா, ஸ்பிரேயரா?

அகலமான வேலிப் பிரஷ். ரோலர் இடுக்குக்குள் போகாது. ஸ்பிரேயர் விளம்பரத்தில் பறக்கும். வீட்டில் அதன் மூக்கு அடைக்கும், நீங்கள் பெயின்டை வடிகட்டிக்கொண்டு நிற்பீர்கள். காற்றில்லாத நாள் என்று நினைத்துத்தான் தொடங்குவீர்கள், பக்கத்து வீட்டுக் கார் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கும். நீண்ட வேலி, அக்கம்பக்கம் யாரும் இல்லை, எல்லாவற்றையும் மூடி மறைத்துக் கட்டப் பொறுமை இருக்கிறது என்றால் ஸ்பிரேயர் நேரத்தை மிச்சம் பிடிக்கும். அப்போதும் பின்னாலேயே பிரஷால் இழுத்துவிட வேண்டும்.

பக்கத்து வீட்டார் தங்கள் பக்கத்தைத் தாங்களே பெயின்ட் அடிக்கலாமா?

வேலி உங்களுடையது என்றால், அவர்கள் பார்க்கும் முகமும் உங்களுடையதுதான். உங்கள் சம்மதம் வேண்டும். அவர்கள் வேலிக்கு நீங்கள் அடிப்பதற்கும் அதே விதி. சட்டம் இப்படி இருந்தாலும், கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. நல்ல முகத்தைப் பக்கத்து வீட்டுக்குத் திருப்பி வைப்பது மரியாதை, சட்டக் கட்டாயம் இல்லை.

அந்தக் காலத்துக் கறுப்பு எண்ணெய், கிரியோசோட், இப்போதும் கிடைக்குமா?

வீட்டுப் பாவனைக்கு அதை 2003இல் தடை செய்துவிட்டார்கள். இப்போது அதைப் போன்ற பெயரில் விற்பவை மாற்றுத் திரவங்கள். கொட்டகையில் பழைய டின் கிடந்தால் பாவிக்காமல் நகரசபையின் கழிவு நிலையத்தில் கொடுங்கள்.

எந்த மாதத்தில் தொடங்குவது நல்லது?

பெயின்டுக்கு மே முதல் செப்டம்பர் வரை. பெரும்பாலான டின்களில் 5 டிகிரிக்கு மேல் என்றிருக்கும், சிலவற்றில் 8. இரவு வெப்பநிலையையும் பாருங்கள். நேர்வெயிலில் அடித்தால் பிரஷ் தடம் காய்ந்து நிற்கும், ஆகவே நிழல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக நகருங்கள். வானிலை அறிக்கையில் மழை இல்லை என்றால் அது பக்கத்து ஊருக்கு என்று எடுத்துக்கொண்டு ஒரு நாள் இடைவெளி வையுங்கள்.

வேலியில் ஐவிக் கொடி படர்ந்திருந்தால் கழற்றும் முன் உள்ளே பாருங்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி பறவை பயன்படுத்திக்கொண்டிருக்கும் கூட்டை வேண்டுமென்று கலைப்பது குற்றம். குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்தப் பேனலை விட்டுவிட்டு அடுத்ததில் தொடங்குங்கள்.

அடுத்த புயலுக்கு நிற்குமா?

2022 பிப்ரவரி 18இல் வந்த யூனிஸ் புயலின்போது வைட் தீவின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 122 மைல் வேகத்தில் காற்று பதிவானது. அப்படி ஒரு காற்றுக்கு எந்த வேலியும் உத்தரவாதம் தராது. ஆனால் வழமையான குளிர்காலக் காற்றுக்கு முறிவது ஏற்கெனவே உக்கிய தூண்தான். மூன்று சதுர மீட்டருக்கு மேற்பட்ட மரச்சுவர் ஒன்று காற்றைத் தடுத்து நிற்கிறது. அந்தத் தள்ளு முழுவதும் தூணின் அடிக்குத்தான் போகும். செப்டம்பரில் ஒவ்வொரு தூணையும் தோளால் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். புயலுக்கு அடுத்த நாள் கடைக்குப் போனால் உங்கள் தெருவே அங்கே வரிசையில் நிற்கும், பேனல் இருக்காது.

முள்ளெலிக்கு ஓட்டை விடச் சொல்கிறார்கள். வேண்டுமா?

விட்டால் நல்லது. 13 சென்டிமீட்டருக்கு 13 சென்டிமீட்டர் போதும். முள்ளெலி போகும், பெரும்பாலான நாய்கள் போகாது. கொங்கிரீட் அடிப்பலகையில் வெட்ட முடியாது என்பதால் ஓட்டையோடு வார்த்த பலகையே விற்கிறார்கள், ஒன்றை வாங்கி வரிசையில் சேர்த்துவிடுங்கள்.

பழைய பேனல்களையும் மிஞ்சிய பெயின்டையும் என்ன செய்வது?

எரிக்காதீர்கள். மருந்து ஏற்றிய மரத்தின் புகையும் சாம்பலும் நஞ்சு. குளிருக்கு வீட்டு அடுப்பில் போடுவது இன்னும் மோசம். கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோகலாம், ஆனால் சிறு அளவைத் தாண்டினால் சில நகரசபைகள் வேலி மரத்தைக் கட்டட வேலைக் கழிவாகக் கணக்கிட்டுக் கட்டணம் கேட்கும், முன்பதிவும் கேட்கும். முதலில் அவர்களுடைய தளத்தைப் பாருங்கள். பெயின்டைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது; மரத்தூளோ மணலோ கலந்து கட்டியாக்கிவிட்டுக் கொண்டுபோங்கள். ஒரு சிறு போத்தலில் கொஞ்சம் எடுத்து, தேதியும் நிறத்தின் பெயரும் எழுதி வையுங்கள், கீறல் விழுந்தால் தொட்டுவிடலாம்.

கடைசியாக, எதை நாமே செய்வது, எதற்கு ஆள் பிடிப்பது?

கையில் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதைக் கிடங்குக்கும் தூணுக்கும் செலவழியுங்கள். பேனல் செருகுவதும் பெயின்டும் உங்கள் பங்காக இருக்கட்டும். இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். கேட்கும்போது இவற்றை விட்டுவிடாதீர்கள்: தூண் எத்தனை அடி, எவ்வளவு ஆழத்துக்கு இறக்குவார், அடிப்பலகை விலைக்குள் அடங்குமா, தோண்டி எடுக்கும் பழைய கொங்கிரீட்டையும் மண்ணையும் அவரே ஏற்றிக்கொண்டு போவாரா. பலருடைய விலை மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பதற்குக் காரணம் அந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலில் இருக்கும். கழிவை ஏற்றிச் செல்பவரிடம் அதற்கான உரிமப் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் பழைய பேனல் ஏதாவது வயலோரத்தில் கொட்டப்பட்டுக் கிடந்தால் விசாரணை உங்கள் வீட்டுக் கதவுக்கும் வரலாம்.